ஈரத்துக்கு எடையைக் கழியுங்கள், நெல்லைத் திருப்பி அனுப்பாதீர்கள்

நெல் கொள்முதல் விதிகளைத் தீர்மானிக்கும் டெல்லி, சென்னை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் டெல்டாவில் குறுவை அறுப்பு செப்டம்பரில் தொடங்கி அக்டோபருக்கு நீளும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் இறங்கும். கொள்முதல் நிலையத்தின் வரம்போ 17 சதவீத ஈரம். கையால் அறுத்த காலத்தில் அரி, அதாவது அறுத்துப் போட்ட கதிர், வயலிலேயே காய்ந்துதான் களத்துக்கு வரும். இன்று அறுவடை இயந்திரம் 20, 22 சதவீத ஈரத்தோடு நெல்லைக் கொட்டுகிறது. வானம் மூடிக் கிடந்தால் அதைக் காயவைக்கத் தார்ச்சாலைதான் மிச்சம்.

கணக்கு எளிது. எடையை (100 − ஈரம்) ஆல் பெருக்கி 83 ஆல் வகுத்தால் 17 சதவீதத்துக்கான எடை வந்துவிடும். 22-ல் உள்ள 40 கிலோ மூட்டை 37.6 கிலோ ஆகும். கழிவு 2.4 கிலோ, குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் 60 ரூபாய். அந்த 60 ரூபாய்த் தண்ணீருக்காக 1,000 ரூபாய் மூட்டையை மழையில் கிடத்துகிறோம்.

ஈர நெல் கெடும் என்பது உண்மைதான். அது மூச்சு விடும், சூடேறும். குவியலுக்குள் கையை விட்டாலே தெரியும். சில நாளில் அரிசி பழுப்பேறும், மழையில் நனைந்தால் நெல் முளையும் விடும். ஆனால் ரேஷனுக்குப் போவதில் பெரும்பகுதி புழுங்கல். ஆலையில் நெல்லை ஊறவைத்து 30 சதவீத ஈரத்துக்கு ஏற்றி, அவித்து, 14-க்கு இறக்குகிறார்கள். சாலையில் பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீரை ஆலை திரும்ப ஊற்றுகிறது!

எனவே 17-க்கு மேல் 22 வரையுள்ள நெல்லை எடை கழித்து வாங்குங்கள். தனி அடுக்கு, தனி நிறத் தையல், அன்றே லாரி, 24 மணி நேரத்துக்குள் புழுங்கல் ஆலையின் தொட்டி. பச்சரிசி ஆலைக்கு இது போகக் கூடாது. அங்கே போவதற்கு நடமாடும் உலர்த்தி வேண்டும். அதிலும் ஒரே மூச்சில் சூடேற்றினால் மணியில் விரிசல் விழுந்து அரவையில் குருணையாகும். இடையிடையே சில மணி நேரம் ஆறவிட வேண்டும்.

மழை கொட்டிய பின் 17 சதவீத வரம்பில் தளர்வு கேட்டு மாநில அரசு எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதற்குள் சம்பா நடவு தள்ளிப்போகிறது. குறுவைப் பணம்தானே சம்பாவுக்கு முதல்: உழவு, நாற்று, நடவுக்கூலி, உரம். உரக்கடையும் மளிகைக்கடையும் அதை நம்பித்தான் கடன் எழுதுகின்றன. தளர்வு ஆணை ஆகஸ்டிலேயே வரட்டும்.

மாதிரியைக் குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுக்கச் சொல்லுங்கள். மேல்நெல் மட்டும் காய்ந்திருக்கலாம். ரசீதில் மீட்டர் காட்டிய ஈரமும் கழித்த கிலோவும் அச்சாக வேண்டும்.