பிரசவ ஃபைலில் இருந்த எச்சரிக்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மாரடைப்பு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புகை, கொலஸ்ட்ரால், சர்க்கரை, நடைப்பயிற்சி என எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால் நான்கு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட 'கர்ப்பம்' என்ற சொல் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அக்காவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவர், பாதி மடித்த போர்வையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். கீழ்த்தாடையில் வலி, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓர் இறுக்கம், நெற்றியெல்லாம் வியர்வை. பல்வலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டார். மறுநாள் ஒரு கிளினிக்குக்குப் போனார். "வாயுவாக இருக்கும், வீட்டில் வேலை அதிகமா?" என்று கேட்டு, இசிஜிகூட எடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரை மகள்தான் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். இசிஜியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் மாரடைப்புதான் என்று காட்டின. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒன்றரை நாளில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது.

மூன்றாம் நாள் ஒரு டாக்டர் கட்டிலருகே வந்து, "பிரசவ சமயத்தில் பிரஷர் இருந்ததாம்மா?" என்று கேட்டார். இருந்தது. 22 வருடங்களுக்கு முன், எட்டாம் மாதத்தில் முகமும் காலும் வீங்கி, பிரஷர் 160/110-க்கு ஏறி, அவசர ஆபரேஷனில் குழந்தையை எடுத்தார்கள். சில வாரங்களில் பிரஷர் இறங்கியது, நாங்களும் மறந்துபோனோம். அந்தக் குழந்தைதான் இன்று அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன மகள். இத்தனை வருடத்தில் அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அந்த டாக்டர்தான்.

கர்ப்பத்தில் உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி கூடிவிடுகிறது. அத்தனையையும் இதயமும் ரத்தக்குழாய்களும் தாங்கியாக வேண்டும். அப்போது பிரஷர் கட்டுமீறி, சிறுநீரகம் போன்ற உறுப்புகளும் பாதிக்கப்படுவதை ப்ரீ-எக்லாம்ப்சியா என்கிறார்கள். பிரசவத்தோடு அது முடிந்துவிடுவதில்லை. அது வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரையும் குறைப்பிரசவமும்கூட அதே மாதிரி எச்சரிக்கைகள்தான். அமெரிக்க இதய சங்கம் 2011-லேயே கர்ப்பகாலப் பிரஷரையும் சர்க்கரையையும் பெண்களுக்கான இதய ஆபத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்புறம், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

அதே சங்கம் 1964-ல் இதயநோய் பற்றிப் பெண்களுக்காக ஒரு மாநாடு நடத்தியது. அங்கே பேசப்பட்டது, கணவரின் இதயத்தை மனைவி எப்படிக் காப்பது என்பது! படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. லான்செட் மருத்துவ இதழின் குழு 2021-ல் தந்த அறிக்கைப்படி, உலகில் பெண்களின் மரணங்களில் 35 சதவீதத்துக்குக் காரணம் இதய, ரத்தக்குழாய் நோய்கள். பெண்ணின் நோயாக இதைப் பார்க்க நாம் இன்னும் பழகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு நெஞ்சுவலியே வராது என்று சிலர் சொல்வது தவறு. அவர்களுக்கும் பெரும்பாலும் வருகிறது. கூடவே தாடை வலி, முதுகு வலி, குமட்டல், மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி இதெல்லாம் ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வருவதால், நெஞ்சுவலி பின்னுக்குப் போய்விடுகிறது. ஆஞ்சியோகிராமில் பெரிய அடைப்பு தெரியவில்லை என்றாலும், மெல்லிய ரத்தக்குழாய்களில் கோளாறு இருக்கலாம். வலி தொடர்ந்தால் திரும்பப் போய்க் கேட்கத் தயங்கக் கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதயநலம் பற்றி அடுத்த முறை எழுதும்போது, பிரசவத்தில் பிரஷரோ சர்க்கரையோ இருந்ததா என்ற கேள்வியைக் கட்டம் கட்டிப் போடுங்கள். 'ஆம்' என்பவர்கள் பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளட்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் தாங்களே சொல்லட்டும். அக்காவின் பழைய பிரசவ ஃபைல் அலமாரியின் அடித்தட்டில் கிடைத்தது. 160/110 என்ற எண்ணை யாரோ சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். இப்போது ஒவ்வொரு செக்கப்புக்கும் அதையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

அன்புடன்,
ஒரு வாசகி