திருத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

டோர்ட்முண்ட், ஜெர்மனி
நவம்பர் 2025

என்னைத் திட்டியவர்களுக்கும் திருத்தியவர்களுக்கும்,

வணக்கம். முதுகலைப் படிப்பு முடிந்து, சான்றிதழ் போன வாரம்தான் கைக்கு வந்தது. ஆய்வேட்டில் நன்றி சொல்ல அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். பேராசிரியர், ஆய்வகம், குடும்பம் என்று முறைப்படி அது நிரம்பிவிட்டது. அங்கே இடம் கிடைக்காதவர்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. மீதிப் பேரில் பலருக்கு எனக்கு என்ன செய்தோம் என்பதே ஞாபகம் இருக்காது.

வந்த புதிதில் எனக்கு இந்த ஊர்மேல் ஒரே ஒரு மனக்குறைதான். யாரும் "சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் குற்றம் கண்டுபிடித்தார்கள். சைக்கிள் பாதையில் நடக்கிறாய். பச்சைப் புட்டிக்கான தொட்டியில் வெள்ளைப் புட்டியைப் போடுகிறாய். சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்கிறாய், குழந்தைகள் பார்க்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் நின்று, நிதானமாக, முழு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். அதுவும் ஒருவகை விசாரிப்புதான் என்று எனக்குப் பிடிபட இரண்டு வருடம் ஆனது.

முதலில் தமிழ்க் கடை அங்கிளுக்கும் அன்ரிக்கும்.

2023 செப்டம்பர் கடைசி வாரம், இரண்டு பெட்டிகளோடு ஒரு வீட்டு வாசலில் நின்றேன். இணையத்தில் பிடித்த அறை. முன்பணமும் முதல் மாத வாடகையுமாக 900 யூரோ முன்கூட்டியே அனுப்பியாகிவிட்டது. அழைப்பு மணிப் பலகையில் அந்தப் பெயரே இல்லை. மூன்றாவது மாடியில் இருந்த வயதான தம்பதி, இப்படி வந்து நிற்கும் இரண்டாவது ஆள் நான் என்றார்கள். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் 11,208 யூரோ போட்டிருந்தேன். அதிலிருந்து மாதம் 934தான் எடுக்க முடியும். ஆக, எவனோ ஒருவன் என் வாழ்க்கையில் ஏறத்தாழ ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போனில் சார்ஜ் இல்லை. தெருமுனையில் தமிழ் எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை தெரிந்தது. உள்ளே போய் "கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா" என்று கேட்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அழுததுதான் நினைவிருக்கிறது. அன்ரி தேத்தண்ணி கொடுத்தார். அங்கிள் கடையை அன்ரியிடம் விட்டுவிட்டு என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் புகார் எழுத வைத்தார். பணம் திரும்ப வரவில்லை, வராது என்று அன்றே சொல்லிவிட்டார். "ஆனா பதிஞ்சு வைக்க வேணும். கடதாசி முக்கியம் பிள்ளை."

அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் 23 நாள் இருந்தேன். இந்த ஊரில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு இடம் கொடுத்தவரின் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அது இல்லாவிட்டால் வரி எண், தங்கும் அனுமதி என்று அடுத்தடுத்த எதுவும் நகராது. அங்கிள் அந்தத் தாளை மூன்று முறை வாசித்தபின்தான் பேனாவை எடுத்தார். "நீ இங்க உண்மையா இருக்கிறபடியால் வைக்கிறன். முகவரிக்கு மட்டும் எண்டு கேட்டால் ஆருக்கும் வைக்க மாட்டன். போகேக்க நீயும் மாத்திப் பதிஞ்சிட்டுப் போ." 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர் அவர். அகதி மனு முடிவாகும்வரை, ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையைத் தாண்ட அனுமதி இல்லாமல் கழிந்த வருடங்களை ஒரே வரியில் சொல்லிவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அன்ரி திருத்தியது என் தமிழை. "ஃப்ரிட்ஜ்ல மில்க் காலி, ஷாப்புக்குப் போயிட்டு வரட்டுமா அன்ரி?" என்று ஒருநாள் கேட்டேன். "பாலுக்கும் கடைக்கும் தமிழ்ல சொல் இல்லையோ? தமிழ்நாட்டுப் பிள்ளை எண்டு சொன்னாய்!" வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் பேசும்போது வார்த்தையை எண்ணி எண்ணித்தான் போடுவேன்.

அடுத்து, அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு.

தங்கும் அனுமதிக்கான நேரத்தைத் தொலைபேசியில் வாங்கினேன். "ஹால்ப் அஹ்ட்" என்றார்கள். ஹால்ப் என்றால் பாதி, அஹ்ட் என்றால் எட்டு. எட்டரை! கால் மணி நேரம் முன்னதாகவே, பெருமையோடு 8.15க்குப் போய் உட்கார்ந்தேன். என் பெயரை 7.30க்கே கூப்பிட்டு முடித்திருந்தார்கள். நாம் ஏழு கடந்து அரை என்று ஏழரை சொல்கிறோம். இவர்களுக்கு அது எட்டாவது மணியின் பாதி. சிரிக்காமல் அந்த அம்மா ஒரு தாளை எடுத்தார், வட்டம் போட்டு முள் வரைந்தார், ஏழிலிருந்து எட்டு வரை ஒரு அம்புக்குறி இழுத்து நடுவில் கோடு கிழித்தார். மூன்று வாரம் தள்ளி வேறு நேரம் கொடுத்தார், இந்த முறை எண்ணில் எழுதி. ஏழரை என்றால் எங்கள் ஊரில் சனி பகவான் கணக்கு என்பதை ஜெர்மனில் விளக்க அன்று எனக்குத் தெம்பு இல்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருந்தவனுக்கும் ஒரு நன்றி. முதல் விரிவுரைக்கு எட்டு மணிக்குப் போய் யாருமில்லாத அரங்கில் காத்திருந்தேன். இங்கே எட்டு என்று போட்டிருந்தால் பெரும்பாலும் எட்டேகால்தான். முடிந்ததும் நான் ஒருத்தி மட்டும் கை தட்டினேன். "மேஜையைத் தட்டு" என்று காதருகே சொன்னான். 200 பேர் விரல் முட்டியால் மேஜையைத் தட்டும் சத்தம் ஓட்டு வீட்டின்மேல் மழை பெய்வதுபோல் இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்காக நன்றி. பிறகு ஒரு குழுவேலையில் அவன் பாதியில் காணாமல் போனதை இங்கே நினைவூட்ட மாட்டேன்.

இனி பேக்கரி முதலாளியம்மா. 2024 வசந்தத்தில் சனி, ஞாயிறு காலை 5.30க்கு வேலை, மணிக்கு 12.41 யூரோ. ஜெர்மனில் 35 என்பதை "ஐந்தும் முப்பதும்" என்று தலைகீழாகச் சொல்வார்கள். கால்பந்துக் குழு ஒன்றின் காலை உணவுக்கு 35 ரொட்டி என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார். நான் 53 கட்டிவிட்டேன். மிச்சம் 18. அவர் அவற்றை என் பையில் போட்டுக்கொடுத்தார், சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ரொட்டியையும் கூடையில் போடும்போது வாய்விட்டு எண்ண வைத்தார். வரிசையில் நிற்பவர்களும் சேர்ந்து எண்ணுவார்கள். இரண்டு மாதத்தில் எண்கள் நேரானது. டோர்ட்முண்டைச் சுற்றியுள்ள ரூர் பகுதிக்காரர் என்பதால் அவரே "டாஸ்" (அது) என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் "டாட்" என்றுதான் சொல்வார். என் "டாஸ்" தப்பினால் மட்டும் விடமாட்டார்.

அதே வரிசையில் ஞாயிறுதோறும் இரண்டு ரொட்டி வாங்க வரும் தாத்தா ஒருவர். டோர்ட்முண்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான மினிஸ்டர் ஷ்டைன் 1987இல் மூடப்படும்வரை நிலத்தடியில் வேலை பார்த்தவர். "க்ளூக் ஆஃப்" என்பார். நான் "காலை வணக்கம்" என்பேன். மூன்றாவது ஞாயிறு பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்: "க்ளூக் ஆஃபுக்குப் பதில் க்ளூக் ஆஃப்தான். கீழே இறங்குகிறவனுக்குச் சொல்வது அது. அதற்கு வேறு பதில் சொன்னால் அவன் பயந்துவிடுவான்."

அம்மா, உனக்கு நன்றியோடு ஒரு பாவமன்னிப்பும் உண்டு. முதல் பருவத்தில் கட்டுப்பாட்டுப் பொறியியல் தேர்வு முடிவு வந்தபோது வளாகத்தின் தொங்கு ரயிலில் இருந்தேன். 1984 முதல் ஓட்டுநரே இல்லாமல் தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் சின்ன ரயில் அது. நீ கூப்பிட்டாய். "5.0 மா" என்றேன். "அஞ்சுக்கு அஞ்சா கண்ணு!" என்றாய். நீ அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லும் சத்தமும் கேட்டது. நான் மறுக்கவில்லை. ஜெர்மனியில் 1.0தான் முதல் மதிப்பெண். 4.0 வரை தேர்ச்சி. 5.0 என்றால் ஃபெயில். ஒன்றேமுக்கால் வருடம் கழித்து இப்போது சொல்கிறேன். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்த லட்டுக்கு என்னால் பொறுப்பேற்க முடியாது.

அந்த ஃபெயிலைச் சரிசெய்தது துறையில் இருந்த ஓர் ஆய்வு உதவியாளர். இங்கே திருத்திய விடைத்தாளைப் போய்ப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. கெஞ்ச வேண்டியதில்லை, குறித்த நாளில் போய் உட்கார்ந்தால் போதும். என் தாளில் ஆறு இடத்தில் பென்சிலால் வெறும் கேள்விக்குறி. ஒவ்வொன்றிலும் விரலை வைத்து "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். நான்கில் என் விடை சரி. எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கே தெரியவில்லை, மனப்பாடத்திலிருந்து வந்தது. அவருக்கு இருந்தது பத்து நிமிடம், எனக்குக் கொடுத்தது முக்கால் மணி நேரம். இரண்டாவது முறை 2.3 வாங்கினேன்.

கடைசியாகக் கீழ்வீட்டு அம்மாவுக்கு. இதைச் சுருக்க முடியாது.

2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, மதியம் இரண்டரை மணி. அறையை வாக்யூம் கிளீனரால் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அடுத்த நாள் கதவிடுக்கில் ஒரு தாள்: "நேற்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கும் காது உண்டு." ஞாயிறு இங்கே ஓய்வு நாள், கடைகளே பெரும்பாலும் மூடியிருக்கும். இது தெரிந்தும் மறந்திருந்தேன். அரைகுறை ஜெர்மனில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அவர் தபால் பெட்டியில் போட்டேன். மறுநாள் அந்தக் கடிதமே திரும்பி வந்தது, சிவப்பு மையில் திருத்தி. "நான் மன்னிப்பாக இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறேன் போலும். அதை அடித்து மேலே சரியான வாக்கியம். வாக்யூம் கிளீனருக்கு நான் போட்ட "டாஸ்" அடிக்கப்பட்டு, ஆண்பாலுக்கான "டேர்" என்று இரண்டு அடிக்கோட்டோடு. அடியில்: "மூன்று பிழை. விஷயம் புரிந்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட இருந்தவர்கள் அதைச் சமையலறையில் ஒட்டி வைத்துச் சிரித்தார்கள். அந்த ஆத்திரத்திலேயே இரண்டாவது கடிதம் எழுதினேன்: வாக்யூம் கிளீனர் ஏன் ஆண்பால்? அடுத்த நாள் ஒரு முழுப் பக்கம் வந்தது. வேலை செய்கிற கருவியின் பெயர் "-எர்" என்று முடிந்தால் அது ஆண்பால் என்று ஏழு எடுத்துக்காட்டுகளோடு. முப்பது வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவராம். பிறகு வாரம் ஒரு கடிதம் என்றானது. பேக்கரியில் மிஞ்சிய 18 ரொட்டியில் ஆறு அவருக்குப் போனது. நன்றிக் குறிப்போடு, "பதினெட்டு" என்ற சொல்லில் நான் செய்த எழுத்துப்பிழையும் திரும்பி வந்தது. டிசம்பரில் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் நாட்களில், படி இறங்கிப்போய்த் தபால் பெட்டியைத் திறப்பதற்காக மட்டும் நான் அறையை விட்டு வெளியே வந்த மாலைகள் உண்டு. நேரில் பேசியது நான்கைந்து முறைதான். கதவைப் பாதிக்குமேல் திறக்க மாட்டார்.

அன்ரி, உங்களுக்கு இன்னொன்று விட்டுப்போச்சு. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். தொழிற்பேட்டைக்கு நடுவில், 2002இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோபுரத்துக்குக் கீழே, கூட்டத்தில் ஒருவர் "இது ஆர்?" என்று கேட்டார். "எங்கட பிள்ளை" என்றீர்கள். அன்று முழுக்க என் தமிழை ஒருமுறைகூடத் திருத்தவில்லை.

கீழ்வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்பதால், அவரைப் பற்றிய பகுதியை மட்டும் ஜெர்மனில் எழுதி முந்தாநாள் அவர் பெட்டியில் போட்டேன். அகராதி பார்க்காமல், யாரையும் கேட்காமல், நானாக எழுதியது. வாக்யூம் போட்ட நேரத்தை "ஹால்ப் ட்ஸ்வை" என்று எழுதியிருந்தேன். ட்ஸ்வை என்றால் இரண்டு. இன்று காலை திரும்பி வந்தது. வழக்கமான சிவப்பு மை. அடியில் இரண்டு வரி:

"நான்கு பிழை. அன்று மணி ஒன்றரை இல்லை, இரண்டரை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்."

அன்புடன்,
மேல்வீட்டுப் பெண்