பெரிய கரவனுக்கு "இலகுவான பாதை" என்று காசு வாங்கிவிட்டு ஒழுங்கைக்குள் விட்டது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் செயலியில் காம்ப்சைட் (கரவனை நிறுத்தித் தங்கும் இடம்) பதிவு செய்து, அது காட்டிய பாதையில் போய், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் எங்கள் கரவன் வண்டி ஒழுங்கைக்குள் மாட்டிச் சேதமானது பற்றித்தான் எழுதுகிறேன். இதைப் பற்றி நான் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றுக்கும் "உங்கள் செய்தி கிடைத்தது" என்ற தானியங்கிப் பதில் மட்டும்தான் வந்திருக்கிறது. செயலியில் கேட்டால் தொலைபேசியில் எடுங்கள் என்கிறது. தொலைபேசியில் எடுத்தால் பாட்டுப் போகிறது, பிறகு ஒரு பிள்ளை வந்து இது காம்ப்சைட்காரரின் பொறுப்பு என்கிறா. காம்ப்சைட்காரரைக் கேட்டால் அந்த மனுசன் உங்களைத்தான் கைகாட்டுகிறார். கடைசியாக உங்களிடம் கதைத்தபோது சட்நாவ் (காரில் வழி காட்டுகிற கருவி) செய்த கம்பனியைக் கேட்கச் சொன்னீர்கள். நான் காசு கட்டியது சட்நாவ் கம்பனிக்கு இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். "தமிழில் எழுதுங்கள், தமிழிலேயே உதவுவோம்" என்று நீங்கள்தான் லண்டன் முழுக்க விளம்பரம் போட்டீர்கள். தமிழிலேயே எழுதுகிறேன்.

உங்கள் கோல்ட் சந்தாவில் இருக்கும் பச்சை கரவன் குறி உங்களுக்குத் தெரியும்தானே, "பெரிய கரவனுக்கு இலகுவான பாதை" என்று வருவது. அதற்காகத்தான் ஆண்டுக்கு 60 பவுண் கூடக் கட்டினேன். வேறு எதற்காகவும் இல்லை. காம்ப்சைட்டின் படங்களும் விலையும் எங்கேயும் சும்மா கிடைக்கும். எங்களுடையது ரெட்டை அச்சுக் கரவன், அதாவது பக்கத்துக்கு இரண்டு சில்லு, அகலம் 2.45 மீற்றர், இழுவைச் சட்டத்தோடு சேர்த்து நீளம் 8 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, காரையும் சேர்த்தால் பன்னிரண்டரை மீற்றருக்கு மேலே போகும். இவ்வளவும் உங்கள் செயலி கேட்டு நான் நிரப்பித் தந்த கணக்கு. அப்படியானால் அதைப் பார்த்துத்தான் இடம் தருகிறீர்கள் என்று ஒருவன் நினைப்பானா மாட்டானா?

சரி, நடந்ததற்கு வருகிறேன். ஓகஸ்ட் வங்கி விடுமுறைக் கிழமைக்கு தென்மேற்கு இங்கிலாந்தில் எக்ஸ்மூரில் லின்டனுக்குப் பக்கத்தில் ஒரு இடம், பச்சைக் குறி போட்டது, 412 பவுண் முழுவதும் உங்களிடம் முன்கூட்டியே கட்டியாச்சு. உங்கள் செயலி தந்த பாதை எம்5 நெடுஞ்சாலையில் பிரிட்ஜ்வோட்டரில் இறங்கி, ஏ39 ரோட்டைப் பிடித்து, மைன்ஹெட் தாண்டி, போர்லொக்.

போர்லொக் மலை! இங்கிலாந்தில் கரவன் இழுக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். நாலுக்கு ஒன்று ஏற்றம், அதாவது நாலு மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும், அதற்குள் கொண்டை ஊசி வளைவு, கரவனோடு வராதே என்று ரோட்டிலேயே பலகை. அதை ஏறி முடித்தாலும் அந்தப் பக்கம் லின்மவுத்துக்கு இறங்க அதே மாதிரி இன்னொரு பள்ளம். பலகையைக் கண்டு நான் ஓரமாக நிறுத்திவிட்டேன். நிறுத்தாமல் போயிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். உங்கள் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். அங்கேதான் அந்தத் தம்பி வந்தார்.

அவரைப் பற்றி எழுதாமல் எனக்கு மேலே போக முடியவில்லை. பெயர் போடவில்லை, உங்கள் பதிவில் இருக்கும், அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று நீங்களே சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். முதலில் "போர்லொக் எண்டா என்ன அண்ணை, கடையோ?" என்று கேட்டார். நான் விளங்கப்படுத்தினேன். பின்னால் ஆரோடோ சிரித்துக் கதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு "பாதையைப் புதுப்பி" என்ற பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினால் டன்ஸ்டருக்குத் திருப்பி, எக்ஸ்மூரைக் குறுக்கே வெட்டி ஒரு புதுப் பாதை வந்தது. இது கரவனுக்குச் சரியா என்று கேட்டேன். "பச்சைக் குறி இருக்குத்தானே அண்ணை, பயப்பிடாமல் போங்கோ." இதுதான் பதில். அவர் வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்து சொல்வேன்.

போனோம். கடைசி ஒரு மைல் ரோட்டே இல்லை, ஒழுங்கை. டெவன் பக்கத்து ஒழுங்கைகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் அலுவலகத்தில் அப்படிப் பலர் இருக்கிறார்கள் போல. இரண்டு பக்கமும் இருப்பது வெறும் வேலி இல்லை, கல் அடுக்கிய மண் அணை, ஆள் உயரத்துக்கு, அதற்கு மேலேதான் பற்றை. வெளியே பச்சை இலைதான் தெரியும், உரசினால்தான் உள்ளே கல் என்று தெரியும். தாரின் நடுவில் கோடு போட்ட மாதிரிப் புல் முளைத்திருந்தது. கார்க் கண்ணாடி இரண்டிலும் முள்ளுக் கொடி அடிக்க அடிக்கத்தான் போனோம். பிறகு முன்னால் ஒரு உழவு இயந்திரம் வந்து நின்றது.

பின்னுக்குத்தான் எடுக்க வேண்டும். வளைவு, இறக்கம், பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. மனைவி இறங்கிப் பின்னால் நடந்து கைத்தொலைபேசி வெளிச்சத்தில் "இடது, இடது, நில்" என்று கத்த, மாமி காருக்குள் இருந்து கந்த சஷ்டி கவசம் சொல்ல, பிள்ளைகள் இரண்டும் அழ, இப்படியே ஒரு வயல் கேற் வரை வந்தோம். அந்த உழவு இயந்திரக்காரர், அவருக்குப் புண்ணியம் கிடைக்க வேண்டும், இறங்கிவந்து கேற்றைத் திறந்துவிட்டு ஆடுகளை ஒதுக்கி உள்ளே திருப்ப விட்டார். தூணில் உரசி கரவனின் பக்கத் தகடு முழங்கை நீளத்துக்குக் கிழிந்துவிட்டது, பின் கோர்னர் ஸ்டெடி (நிறுத்தின கரவன் ஆடாமல் தாங்குகிற கால்) ஒன்று வளைந்து இன்றைக்கும் சுற்ற முடியவில்லை. தகடு கிழிந்தால் உள்ளே ஈரம் இறங்கும், ஈரம் இறங்கின கரவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. பாதி விலைகூடப் போகாது. என் கரவன் முடிந்தது என்றே வையுங்கள்.

அந்த நிலையில் நின்றுகொண்டு திரும்பவும் உங்களுக்கு எடுத்தேன். அதே தம்பி. நான் சொன்ன முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ரிவேர்ஸ் எடுக்கத் தெரியாட்டி ஏன் அண்ணை இவ்வளவு பெரிசு வாங்கினீங்கள்?"

இதை நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. மனைவி பக்கத்தில் நின்று கேட்டா. என் வயது என்ன, அவருடைய வயது என்ன? "அண்ணை" என்று கூப்பிட்டால் மரியாதை ஆகிவிடாது. உங்கள் மேலாளர் ஒருவர் பிறகு அனுப்பிய ஒரேயொரு வரியில் "எமது ஊழியரின் தொனி குறித்து வருந்துகிறோம்" என்று இருந்தது. தொனி குறித்தா? அவர் சொன்ன விஷயம் குறித்து என்ன? மன்னிப்பை அந்தத் தம்பியே கேட்க வேண்டும்.

இன்னும் இருக்கிறது. நாங்கள் ஒழுங்கைக்குள் நிற்கிற நேரத்தில் நீங்கள் எங்கள் பதிவை "வரவில்லை" என்று ரத்துச் செய்து எங்களுக்கு ஒதுக்கின பிட்ச், அதாவது கரவன் நிறுத்துகிற இடத்தை, வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள்! இருட்டின பிறகு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், உரிமையாளர் கையை விரித்தார். நல்ல மனுசன், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு இரவு நிறுத்த விட்டார். காலையில் தேத்தண்ணி தந்துகொண்டு அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அவருடைய சொந்தப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறாராம்: எம்5 சந்தி 27 இல் இறங்கி, ஏ361 இல் வந்து, ஏ399 இல் திரும்பி, பிளாக்மூர் கேற் வழியாக மட்டும் வாருங்கள், சட்நாவைப் பாவிக்க வேண்டாம், எங்கள் அஞ்சல் குறியீடு உங்களைப் பின்பக்க ஒழுங்கைக்குத்தான் கொண்டுபோகும் என்று. நாட்டுப்புறத்தில் ஒரு அஞ்சல் குறியீட்டுக்குள் பல பண்ணைகள் இருக்கும், அது எந்த வாசலையும் குறிக்காது. இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிற மனுசனிடமிருந்து நீங்கள் படத்தையும் விலையையும் எடுத்தீர்கள், பாதையை மட்டும் விட்டுவிட்டீர்கள். "அவர்கள் என்னிடம் பிட்சின் நீளத்தைத்தான் கேட்டார்கள், ரோட்டைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை" என்றார்.

அப்போ பச்சைக் குறி என்றால் பிட்ச் நீளம். ரோட் இல்லை. அதைத்தானே "இலகுவான பாதை" என்று பெயர் போட்டு 60 பவுணுக்கு விற்கிறீர்கள்?

இது முதல் தடவையும் இல்லை. ஈஸ்டருக்கு யோர்க்‌ஷயர் போனபோது உங்கள் செயலி தேர்ஸ்க்கில் இருந்து ஏ170 இல் சட்டன் பாங்க் ஏறச் சொன்னது. அதில் கரவனுக்குத் தடை, பல வருடமாகத் தடை, பெரிய பலகையே இருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்டில் எஸ்க்டேல் இடம் ஒன்றுக்கு அம்பிள்சைடில் இருந்து ஹார்ட்நொட் கணவாய்க்கு மேலால் பாதை காட்டுகிறது, மூன்றுக்கு ஒன்று ஏற்றம், வெறும் காரோடு போகவே ஆட்கள் யோசிப்பார்கள். மேற்கே ஏ595 பக்கமாக வந்தால் பிரச்சினையே இல்லை. அதை நான் வீட்டில் இருந்தே கண்டு, உங்களுக்கு எழுதியும் போட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பதில். இன்றைக்குத் திறந்து பார்த்தேன், அதே பச்சைக் குறி, அதே பாதை.

அடுத்த நாள் நீங்கள் மாற்றித் தந்த இடத்தை மறந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். வேறொரு பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தா, "பக்கத்திலதான், எல்லாம் ஓகே" என்று பார்ன்ஸ்டபிளுக்கு அங்கால் ஒரு இடம் தந்தா. விடுமுறை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் வாசலிலேயே பலகை: ரெட்டை அச்சுக் கரவன்கள் ஏற்கப்படமாட்டாது. இந்த நாட்டில் பல காம்ப்சைட்டுகளில் அந்த விதி இருக்கிறது என்பது கரவன் தொழிலில் இருக்கிற உங்களுக்குத் தெரியாதா? என் கணக்கில் "ரெட்டை அச்சு" என்ற பெட்டியில் சரி போட்டிருக்கிறேனே, அதை ஒருவரும் பார்ப்பதில்லையா, பார்க்காவிட்டால் ஏன் கேட்கிறீர்கள்? வாசலில் இருந்த மனுசி பாவம், எங்களைப் பார்த்துவிட்டுத் தானே வெட்கப்பட்டா. அதோடு லண்டனுக்குத் திரும்பிவிட்டோம். எனக்கு அந்தக் கோடை விடுமுறை முழுவதும் போனது, பிள்ளைகள் இனிக் கரவனில் ஏறவே மாட்டோம் என்கிறார்கள், மாமி அன்றில் இருந்து இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மடங்காக்கிவிட்டா. இதற்கெல்லாம் ஆர் பொறுப்பு?

நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் மாதிரித் தமிழ் ஆட்கள் நடத்துகிற ஒரு சேவை நல்லா வர வேண்டும் என்றுதான் சொந்தக்காரர்களையும் சேர்த்துவிட்டேன், அவர்களுக்கு இப்போது என்ன முகத்தோடு கதைப்பது என்று தெரியவில்லை. தயவுசெய்து பின்வருவதைச் செய்யுங்கள். 412 பவுண் முழுவதையும், "வரவில்லை" என்று பிடித்த கட்டணம் உட்பட, திருப்பித் தாருங்கள். கோல்ட் சந்தாக் காசு. தகட்டுக்கும் கோர்னர் ஸ்டெடிக்கும் திருத்துகிற ஆள் தந்த மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன், அதுவும். கார் எரிபொருளும். அதோடு எக்ஸ்மூர், எஸ்க்டேல், சட்டன் பாங்க் மூன்றிலும் அந்தப் பச்சைக் குறியை உடனே எடுங்கள். அடுத்த ஆள் பலகையைக் காணாமல் போர்லொக்கில் ஏறினால் அது உங்கள் தலையில்தான் விடியும்.

செய்யாவிட்டால், எனக்கும் சட்டம் கொஞ்சம் தெரியும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, நீங்கள் உங்கள் சேவையைப் பற்றிச் சொன்னதை நம்பி ஒருவர் காசு கட்டினால் அந்தச் சொல்லும் ஒப்பந்தத்தின் பகுதிதான். "பயப்பிடாமல் போங்கோ" என்பதும் அதற்குள் வரும் என்றுதான் நினைக்கிறேன். 412 பவுணைக் கிரெடிட் கார்ட்டில் கட்டியிருக்கிறேன், 100 பவுணுக்கு மேற்பட்டது என்பதால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வங்கியிடமே கேட்கலாம், விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். மிச்சத்துக்குச் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் இருக்கிறது, 10,000 பவுண் வரை அங்கேயே முடிக்கலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் இலக்கத்துக்குச் சொன்னால் அவர்கள் வியாபாரங்களைக் கண்காணிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குக் கொண்டுபோவார்கள். ஒழுங்கைக்குள் எடுத்த வீடியோவும் இருக்கிறது, மனைவி கத்துகிற சத்தத்தோடு. அதை எல்லா இடத்திலும் போட வைக்காதீர்கள்.

14 நாள் தருகிறேன். பதில் எழுத்தில் வேண்டும், தொலைபேசியில் எடுக்க வேண்டாம், அந்தத் தம்பியைக் கொண்டு எடுப்பிக்கவே வேண்டாம்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் கோல்ட் வாடிக்கையாளர் (சந்தா இலக்கமும் பதிவு இலக்கமும் கடித உறையில் உள்ளன)

பி.கு.: நேற்றும் "உங்கள் எக்ஸ்மூர் பயணம் எப்படி இருந்தது? நட்சத்திரம் தாருங்கள்!" என்று மின்னஞ்சல் வந்தது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.