முற்றத்துப் படி

தேவகோட்டை

அன்புள்ள தெய்வானைக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டுவதை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். நம் சீடை மாமா பேரனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் பிறகு.

ஆத்தா முற்றத்துப் படியில் விழுந்தாக என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, "பேப்பரெல்லாம் நல்லாத்தான் படிக்கிறாக, கண்ணுல புரை இன்னும் முத்தலை, மாசிக்கு மேல பாப்போம்" என்கிறாயே, அதுதான்டி என்னைத் தூங்கவிடவில்லை.

பேப்பரில் இருப்பது வெள்ளைமேல் கறுப்பு எழுத்து. உங்கள் படியோ சாம்பல் கல், அதற்குக் கீழேயும் அதே சாம்பல் கல். நெருங்கிய நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் திறனைத்தான் புரை கெடுக்கிறது. எழுத்துத் தெரியும், விளிம்பு தெரியாது. முற்றத்தைச் சுற்றிய வளவில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லில் இது இன்னும் மோசம். பூவேலையின் ஓரத்துக் கறுப்புக் கோடு படி மாதிரி தோன்றும், நிஜப் படி வெறும் கோடு மாதிரி தோன்றும். எண்ணெய் போட்டுத் துடைத்த பளபளப்பில் முற்றத்து வெயிலும் அடித்தால் எதுவுமே தெரியாது.

முற்றட்டும் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. இப்போது கண்ணில் மங்கிப்போன லென்ஸை உள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். முற்றினால் கல்லாகி வேலைதான் கூடும். இங்கிலாந்தில் நாட்டிங்காம் ஊரில் 70 வயது தாண்டிய 306 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2005-இல் வந்தது. முதல் கண்ணுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் விழுவது 34 சதவீதம் குறைந்தது. எலும்பு முறிந்தவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 4 பேர், காத்திருந்தவர்களில் 12 பேர். மாசி வரைக்கும் எதற்குடி காத்திருக்க வேண்டும்?

தேதி கிடைக்கும்வரை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு படியின் மேல் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடி. விளிம்போடு ஒட்டியே இருக்கட்டும், உள்ளே தள்ளி அடித்தால் கால் ஏமாந்துபோகும். கடைசிப் படியை விட்டுவிடாதே, பெரும்பாலும் அங்கேதான் தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைப்பார்கள். பெயிண்டில் கொஞ்சம் நைஸ் மணலைக் கலந்துகொள், இல்லையென்றால் ஈரத்தில் வழுக்கும். கோலமாவுக் கோடு உதவாது.

ஆத்தா போடும் இரட்டைக் கண்ணாடியும் ஒரு வில்லன். அதன் மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி கைத்தூரத்தில் வைத்துப் படிக்க. குனிந்து பார்த்தால் நாலைந்து அடி கீழே இருக்கும் கால் மங்கித்தான் தெரியும். நடக்க, தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று போட்டுக் கொடு.

இரவில் கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையோடு சின்ன விளக்கு போதும். பல்பு நேரே கண்ணில் பட்டால் புரைக்குள் ஒளி சிதறிக் கூசும். வெயிலிலிருந்து வளவுக்குள் வந்ததும் வாசல் நிலையைப் பிடித்து, கண் பழகும்வரை நிற்கச் சொல். தூண் பக்கத்துப் பாயைச் சுருட்டி வை.

இன்னொன்று. முதல் கண் ஆபரேஷனோடு விட்டுவிடாதே. ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல் என்றால் படியின் ஆழம் கணிக்க வராது. பழைய கண்ணாடியும் ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பொருந்தாது. இரண்டாவது கண்ணுக்கும் அன்றே தேதி கேள்.

தேதி தெரிந்ததும் ஒரு வரி எழுது. அந்த வாரம் வந்து ஆத்தாவோடு தங்குகிறேன். பெயிண்டை மட்டும் நான் வரும்வரை வைத்திருக்காதே.

உன்,
மீனா