பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன் டி டிரைவையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதிலிருந்து எங்கள் கம்பம், குமுளிப் பக்கம் பழைய கம்ப்யூட்டர்கள் கைமாறுவது கூடிக்கொண்டே போகிறது. விண்டோஸ் 11 ஏறாத மிஷின் கடைக்காரருக்கு உதவாமல் போகலாம், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை டைப் அடித்துப் பழக அது தாராளமாகப் போதும், அதனால் சொந்தக்காரர் வீட்டுக்கு, டியூஷன் சென்டருக்கு, மலைமேல் எஸ்டேட் பக்கம் இருக்கும் பள்ளிக்கு என்று ஆளாளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம், யாரும் இதை நிறுத்தக் கூடாது. நான் கம்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். இந்த மிஷின்கள் உள்ளே என்னென்னவற்றைச் சுமந்துகொண்டு கைமாறுகின்றன என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சு அண்ணே" என்றுதான் எல்லாரும் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். பொய் சொல்வதில்லை, அழித்துவிட்டோம் என்று நிஜமாகவே நம்புகிறார்கள். ஆனால் டெலீட் அடித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், அந்த ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டும்தான் போகிறது. ஃபைல் அப்படியே டிஸ்க்கில் கிடக்கிறது, அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை. ரேஷன் கடைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் ஆள் ஊரைவிட்டே போய்விடுவாரா என்ன? குயிக் ஃபார்மட்டும் இதே கதைதான். விஸ்டாவிலிருந்து வந்த விண்டோஸ்களில், குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால்தான் அந்த டிரைவ் முழுக்கப் பூஜ்யம் எழுதப்படும். அதற்கு நேரம் ஆகும் என்பதால் யாரும் அதைச் செய்வதில்லை.

அப்புறம், ஃபார்மட் பண்ணுவதே பெரும்பாலும் சி டிரைவை மட்டும்தான். நம் ஊரில் ஒரே டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துப் போடுவதுதான் பழக்கம். சி-யில் விண்டோஸ், மற்ற இரண்டிலும் வீட்டின், கடையின் மொத்தச் சமாச்சாரமும். புதிதாக விண்டோஸ் போடச் சொன்னால் மெக்கானிக் சி-யை மட்டும் ஃபார்மட் செய்து போட்டுக் கொடுப்பார், டி-யில் கை வைக்கவே மாட்டார். கஸ்டமரின் டேட்டா போய்விடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை, அது நியாயமும்கூட. கொடுக்கிறவரோ ஸ்க்ரீனில் புத்தம்புதிய விண்டோஸைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்.

சமீபத்தில் ஒரு பிரவுசிங் சென்டரின் பழைய மிஷின் விற்பனைக்காக என்னிடம் வந்தது. டி, இ இரண்டையுமே குயிக் ஃபார்மட் செய்திருந்தார்கள். கடைக்காரர் சம்மதத்தோடு, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, அழித்த ஃபைல்களை மீட்டெடுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அதில் ஓடவிட்டேன். இணையம் வைத்திருக்கும் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள்தான் அது. ஃபைல்களின் பழைய பெயர்கள் வராது, எஃப் என்ற எழுத்தும் நீளமாக ஒரு எண்ணுமாகத்தான் வரும். ஆனால் திறந்தால் உள்ளே எல்லாம் இருந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து எடுத்த ஆதார். ஒரே தாளில் எட்டாக அடுக்கிய பாஸ்போர்ட் சைஸ் படங்கள். ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் பிஎஃப் ஸ்லிப். ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட். வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், மூடிக்கொள்ளாமல் இருக்க அதை ஸ்கேனரில் அழுத்திப் பிடித்த கட்டைவிரலும் சேர்ந்தே பதிந்திருந்தது. கடைக்காரர் முகம் மாறிவிட்டது. அதற்குமேல் ஒன்றையும் திறக்காமல் அங்கேயே நிறுத்தி, டிஸ்க்கை முழுசாக அழித்துத்தான் மிஷினைக் கொடுத்தோம்.

எங்கள் பகுதியில் இது இன்னும் கூடுதல் கவலைக்குரிய விஷயம். இங்கே நிறைய குடும்பங்களுக்கு வீடும் ரேஷன் கார்டும் தேனி மாவட்டத்தில், வேலை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் ஏலத்தோட்டத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள். இரண்டு மாநிலத்துக்கும் காகிதம் காட்டியே வாழ்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் இ-சேவை மையம், அந்தப் பக்கம் அதே போன்ற கேரளத்தின் அட்சயா மையம், இரண்டுக்கும் நடுவில் ஏகப்பட்ட ஜெராக்ஸ் கடைகளும் பிரவுசிங் சென்டர்களும். பீருமேடு, தேவிகுளம் பக்கத்துத் தோட்டத் தமிழர்களில் பட்டியல் சாதியினருக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தாத்தா காலத்து எஸ்டேட் காகிதத்தை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துவந்து ஸ்கேன் பண்ணிக் கொடுங்க என்று நிற்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்கேன் எங்கே போய் உட்காருகிறது, எத்தனை வருஷம் இருக்கிறது, அந்த மிஷின் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கடை வைத்திருக்கிறவருக்குத்தான் தெரிய வேண்டும். உங்கள் மிஷினில் இருப்பது உங்கள் டேட்டா மட்டும் இல்லை, கடைக்காரர்களே.

இ-ஆதார் பிடிஎஃப்-க்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டு என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். அதே டிஸ்க்கில் அதே ஆளின் மார்க் ஷீட்டோ டிசியோ கிடந்தால் அந்தப் பூட்டுக்கு என்ன மதிப்பு? பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதார் இறக்கினால் வேலை முடிந்ததும் அந்தப் பிரதியை அழித்துவிட வேண்டும், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதார் போதுமான இடத்தில் அதையே கொடுக்க வேண்டும். அன்றாடம் இந்த இரண்டையும் செய்தாலே பாதித் தொல்லை குறையும்.

இதற்கு நேர் எதிராக இன்னொன்றும் நடக்கிறது. செய்தியில் எதையாவது பார்த்துப் பயந்துபோய், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சுத்தியலால் அடித்துவிட்டு வெறும் பெட்டியைப் பள்ளிக்குக் கொடுக்கிறார்கள். புது டிஸ்க் வாங்கப் பணம் இல்லாமல் அந்தப் பெட்டி பள்ளியின் மூலையில் தூசி படிந்து கிடக்கும். இது வீண். ஓடுகிற டிஸ்க்கை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. 35 தடவை மேலே மேலே எழுத வேண்டும் என்று ஒரு பேச்சு இன்னும் சுற்றுகிறது. 1996இல் பீட்டர் கட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது அது, இப்போதைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று பின்னால் அவரே சொல்லிவிட்டார். சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால் முழு டிஸ்க்கிலும் ஒரே ஒரு தடவை எழுதினால் போதும்.

எப்படிச் செய்வது? முதலில் உங்களுக்கு வேண்டியதை எடுத்து வையுங்கள்: படங்கள், டேலி பேக்கப், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள். எடுத்ததை வேறொரு மிஷினில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அழிக்கத் தொடங்க வேண்டும், இதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். ஜிமெயிலிலிருந்து வெளியே வந்துவிடுங்கள், உங்கள் போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸ் பகுதிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரை நீக்கிவிடுங்கள். பிறகு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் ரெக்கவரிக்குள் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது, அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுக்க வேண்டும். அதோடு நிறுத்தக் கூடாது. 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதை அழுத்தினால் டேட்டாவைத் துடைக்கவா என்றும், எல்லா டிரைவ்களிலும் அழிக்கவா என்றும் கேட்கும் இரண்டு பட்டன்கள் வரும். நான் மேலே சொன்ன டி டிரைவ் விவகாரம் தீருவது அந்த இரண்டையும் ஆன் செய்தால்தான், ஆனால் பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. விண்டோஸே ஏறாத மிஷின் என்றால் ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே மிஷினைக் கிளப்பி (பூட் செய்து) அழிக்கலாம். எந்த டிஸ்க் என்பதை சைஸும் மாடலும் பார்த்து உறுதி செய்துகொண்டு கொடுங்கள், போனது திரும்ப வராது. 500 ஜிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், 1 டிபி என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான், ஆகவே யூபிஎஸ் இருக்கும் இடத்தில் போடுங்கள்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் புது வகை டிஸ்க் என்றால் வழி வேறு. அது தேய்மானம் சமமாக இருக்கட்டும் என்று தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றி மாற்றி எழுதிக்கொள்ளும், மேலே எழுதினால் எல்லா இடத்தையும் தொட்டதாக ஆகாது. அந்தக் கம்பெனியே தரும் மென்பொருளிலோ, சில லேப்டாப்களின் பயோஸிலோ (மிஷினை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கும் செட்டிங்) செக்யூர் எரேஸ் என்று இருக்கும், அதைத்தான் கொடுக்க வேண்டும். தெரியாவிட்டால் சர்வீஸ் கடையில் கேளுங்கள். செத்துப்போய் ஓடவே ஓடாத டிஸ்க்கை மட்டும் உடைத்துவிட்டு இ-கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம். பெரிய ஜெராக்ஸ் மிஷின்கள் பலவற்றிலும் ஹார்ட் டிஸ்க் உண்டு என்பதையும் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், விற்கும் முன் அதையும் துடைக்கச் சொல்ல வேண்டும்.

இது நம் ஊர்க்காரர்களின் அலட்சியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கி ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். ஓடியவை 129, அதில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மார்கன் ஸ்டான்லி போன்ற பெரிய நிதி நிறுவனமே பழைய மிஷின்களைச் சரியாகத் துடைக்காமல் அனுப்பியதற்காக 2022இல் அங்கே 3.5 கோடி டாலர் கட்டியது. இங்கேயும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்கினோமோ அது முடிந்ததும் அந்தத் தகவலை அழித்துவிட வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. சட்டம் வந்து ஜெராக்ஸ் கடைக் கதவைத் தட்டும்வரை நாம் காத்திருக்கக் கூடாது.

இரு மாவட்ட நிர்வாகங்களும் இ-சேவை, அட்சயா மையங்களுக்கு ஒரு விஷயத்தைக் கட்டாயமாக்க வேண்டும்: மிஷினை மாற்றும்போது டிஸ்க் முழுசாக அழிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும், தனியார் கடைகளையும் அதைப் பின்பற்றச் சொல்ல வேண்டும். நன்கொடையாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வந்த மிஷினில் அப்படியே லினக்ஸையோ விண்டோஸையோ போட்டுவிட்டால் பழையது எல்லாம் மறைந்துவிடாது, புது சிஸ்டம் எழுதிய இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கும். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு, அப்புறம் சிஸ்டம் போடுங்கள். செய்யத் தெரிந்த ஆள் இல்லை என்றால் பக்கத்து ஊர் சர்வீஸ் கடையில் கேளுங்கள், பள்ளிக்கூடத்து மிஷினுக்கு எங்களில் பலர் காசு வாங்க மாட்டோம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்