புடைப்புச் சிற்பமும் கூரை வெளிச்சமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெல்ஜியச் சிற்பி யெஃப் லம்போ (1852–1908) பற்றிய கட்டுரை, அவரது ‘மனித வேட்கைகள்’ புடைப்புச் சிற்பத்தை ஆபாசச் சர்ச்சையாக மட்டுமே பார்க்கிறது. உச்சியில் போர்வை மூடிய மரணம். பிணைந்து புரளும் நிர்வாண உடல்களுக்கு நடுவே சிலுவையில் கிறிஸ்து. கத்தோலிக்கர்கள் கொதித்ததில் வியப்பில்லை.

சுமார் 12 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரத்தில், இத்தாலியின் கராரா ஊர்ச் சலவைக்கல் பாளங்கள் 17ஐப் பொருத்திச் செய்தது இது. பிரஸ்ஸல்ஸில் இதற்கெனக் கட்டடக் கலைஞர் விக்டர் ஹோர்தா கட்டிய மண்டபம் 1899 அக்டோபரில் திறந்த சில நாட்களிலேயே பலகையடித்து மூடப்பட்டது. ஒழுக்கம் மட்டுமல்ல, வெளிச்சமும் தகராறுதான். மண்டபத்தின் முகப்பைத் திறந்துவிட ஹோர்தா விரும்பினார். லம்போ அங்கே சுவர் கேட்டார். சிற்பி கேட்டதே சரி. நேர் எதிரே ஒளி விழுந்தால் நிழல் செத்து, புடைப்பு தட்டையாகிவிடும். கண்ணாடிக் கூரை வழியே மேலிருந்து சரிந்தால்தான் தசை எழும். சுவர் வந்தபோது லம்போ உயிரோடில்லை.

கூரை ஒழுகினால் ஆபத்து: ஈரம் ஏறிய கராரா கல்லின் மேற்பரப்பு சர்க்கரைபோல் உதிரும்.

ஆண்ட்வெர்ப்பின் பிராபோ நீரூற்றும் (1887) இவருடையதே. அரக்கனின் வெட்டுண்ட கையிலிருந்து தண்ணீர் பீறிடும். அதற்கு எவரும் முகம் சுளிக்கவில்லை!

– சிற்பக்கலை ஆசிரியர்கள், கும்பகோணம்