போன ஞாயிறு நீ கேட்ட கேள்விக்கு

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு போனில், "அப்பா, எங்க மெதடிஸ்ட் சபைப் போதகர் நிஜமான குருவானவர் இல்லையா?" என்று கேட்டாய். நான் யோசிக்காமல் "இல்லம்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. குழந்தை அழுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாய். குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

இத்தனை வருடம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு சொல்லில் பதில் சொல்லக் கூடாத கேள்வி என்று தெரிந்தும் அப்படிச் சொல்லிவிட்டேன். மனது கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். மறுபடி போனில் பேசினால் பாதியில் இருவரில் ஒருவருக்குக் கோபம் வந்துவிடும்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒருவரை ஆயராக்கும் திருநிலைப்பாட்டுச் சடங்குக்கு உன்னைக் கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? முன்னால் தூண் மறைக்கிறது என்று பெஞ்சின் மேல் ஏறி நின்றாய். முழந்தாளிட்டிருந்தவர் தலையில் ஓர் ஆயர் இரண்டு கைகளையும் வைத்தார். பிறகு மற்ற ஆயர்கள் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவு கூட்டத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. அதன்பின் நற்செய்திப் புத்தகத்தைத் திறந்து அவர் தலைமேல் வைத்தார்கள். மன்றாட்டு முடியும்வரை குருக்களுக்கு அடுத்த படியில் இருக்கும் தியாக்கோன்கள் இரண்டு பேர் அதைப் பிடித்தபடி நின்றார்கள். "ஏம்பா புத்தகத்தைத் தலையில வைக்கிறாங்க?" என்று கேட்டாய். "பேசாம பாரு" என்றேன். அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

திருத்தூதர் வழிமரபு என்று நாங்கள் சொல்வது அந்தக் கைகளைத்தான், திருத்தூதர்களிடமிருந்து ஒருவர் தலையில் ஒருவர் கைவைத்து இன்றுவரை வரும் ஆயர்களின் வரிசை அது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்துகொண்டபோதே, ஒருவர் போனாலும் பொறுப்பு போகாது என்று திருத்தூதர்கள் காட்டிவிட்டார்கள். தன்னிடம் கேட்டதை நம்பகமானவர்களிடம் ஒப்படை, அவர்கள் பிறருக்குக் கற்பிக்கட்டும் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். அந்த ஒரு வசனத்திலேயே நாலு தலைமுறை இருக்கிறது, எண்ணிப்பார். ஏறக்குறைய கி.பி. 96-ல் கொரிந்து சபையில் மூப்பர்களைக் கீழே இறக்கிவிட்டபோது, ரோமிலிருந்து கிளமெந்து கடிதம் எழுதினார். ஆயர் பதவிக்காகச் சண்டை வரும் என்று திருத்தூதர்களுக்கு முன்பே தெரியும், தங்களுக்குப் பின் யார் என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார்கள் என்கிறார் அதில்.

ஆனால் இந்த வரிசை எதற்காக? எனக்கு இதை விளக்கியவர் 2-ஆம் நூற்றாண்டு ஆயரான புனித இரனேயு, அவர் எழுத்து மூலமாக. இளவயதில் அவர் ஸ்மிர்னா ஆயர் பொலிக்கார்ப்பைப் பார்த்திருக்கிறார், பொலிக்கார்ப்பு திருத்தூதர் யோவானைப் பார்த்தவர். இரனேயு காலத்தில் சிலர், திருத்தூதர்கள் வெளியில் சொல்லாத இரகசிய ஞானம் எங்களிடம் இருக்கிறது என்று கிளம்பினார்கள். ஏறக்குறைய 180-ல் அவர்களுக்குப் பதில் எழுதியபோது, ரோமில் லீனு தொடங்கி எலூத்தேரியு வரை 12 ஆயர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் சொல்கிறார். அப்படி ஓர் இரகசியம் இருந்திருந்தால், சபையையே ஒப்படைத்தவர்களிடம் திருத்தூதர்கள் அதைச் சொல்லாமலா போயிருப்பார்கள் என்பது அவர் கேள்வி. போதனைக்குச் சாட்சியாகத்தான் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்தார். குலப்பெருமை பேசுவதுபோல நாங்கள் அதைப் பேசும்போது, அவர் சொன்னதில் பாதியை விட்டுவிடுகிறோம்.

மாப்பிள்ளைக்கும் ஒரு விஷயம் சொல். இரனேயுவுக்கு இருபது வருடம் கழித்து, தெர்த்துல்லியன் என்ற வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர், உங்கள் ஆயர்களின் வரிசையை விரித்துக் காட்டுங்கள் பார்ப்போம் என்று எதிராளிகளைக் கேட்கிறார். கத்தோலிக்கர் அதை எடுத்துச் சொல்வோம். ஆனால் அதே இடத்தில், திருத்தூதர் யாரும் நிறுவாத, நேற்றுப் பிறந்த சபைகளும் அதே விசுவாசத்தைக் கொண்டிருப்பதால் திருத்தூதர் சபைகளே என்றும் எழுதியிருக்கிறார். அதை உங்கள் பக்கம் எடுத்துச் சொல்வார்கள். இரண்டையும் எழுதியது ஒரே கைதான்.

இன்னொன்று, நம் தமிழிலேயே இருக்கிறது. எங்களுக்கு ஆயர் என்றால் மறைமாவட்டம் முழுவதற்கும் ஒருவர். உங்கள் சபைகள் பலவற்றில் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிறவரே ஆயர், அவருக்கு மேலே பேராயர். நாம் இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு பேரை நினைக்கிறோம். புதிய ஏற்பாட்டிலும் இப்படித்தான். தீத்துவுக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தில் மூப்பர் என்று ஆரம்பித்து, அவரையே கண்காணிப்பாளர் என்று முடிக்கிறார் பவுல். ஆரம்பத்தில் இருவரும் ஒருவரே என்று வேத அறிஞரான புனித ஜெரோமே எழுதியிருக்கிறார். ஆயர், குரு, தியாக்கோன் என்ற மூன்று படிகளும் தெளிவாகப் பிரியக் கொஞ்ச காலம் ஆனது. இதை ஒத்துக்கொள்வதில் எனக்குப் பயமில்லை.

காகிதத்தில் சங்கிலியைக் காட்டு என்று கேட்டாலும் எங்களால் முழுதாகக் காட்ட முடியாது. இன்றைய கத்தோலிக்க ஆயர்களில் மிகப் பெரும்பாலோரின் வரிசையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், 1541-ல் ஆயராகிப் பின்னாளில் கர்தினாலான ஸ்கிப்பியோனே ரெபீபாவிடம் போய் நிற்கிறது. அவர் தலையில் கைவைத்தது யார் என்ற பதிவு கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்று கொஞ்சம் ஆடித்தான் போனேன். அப்புறம் யோசித்தேன், பூட்டனுடைய அப்பா பெயர் எனக்குத் தெரியாது, அதனால் எனக்கு முன்னோர் இல்லை என்று ஆகிவிடுமா? புதிய ஆயருக்கு மூன்று ஆயர்களாவது கைவைக்க வேண்டும் என்று 325-லேயே ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் விதித்ததற்கு இதுவும் ஒரு பயன். ஓர் இழை அறுந்தாலும் கயிறு நிற்கும்.

சரி, உன் சபைக்கு வருகிறேன். நீ மெதடிஸ்ட் சபைக்குப் போன பிறகுதான், அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலிக்கன் குருவான ஜான் வெஸ்லியை நான் படித்தேன். படித்தபோது அவர்மேல் மரியாதைதான் வந்தது. விடுதலைப் போர் முடிந்த அமெரிக்காவில் அவருடைய ஜனங்களுக்குத் திருவிருந்து கொடுக்கவும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ஆள் இல்லை. ஒருவருக்காவது பட்டம் கொடுங்கள் என்று லண்டன் ஆயரைக் கேட்டுப்பார்த்தார், நடக்கவில்லை. 1784-ல், 81 வயதில், மூப்பரும் ஆயரும் ஒரே நிலைதான் என்ற நம்பிக்கையில், தாமே தாமஸ் கோக்கின் தலையில் கைவைத்து அனுப்பினார். கூடப் பிறந்த தம்பி சார்லஸ் வெஸ்லிக்கே அது பொறுக்கவில்லை. அவர் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது. குருவானவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதுதான் என் விசுவாசம். ஆனால் அப்பம் இல்லாமல் காத்துக்கிடந்த ஜனங்களை நினைத்துத்தான் செய்தார். அவருக்கும் கைவைக்காமல் இருக்க முடியவில்லை, அதையும் கவனி.

நீ அடிக்கடி சொல்வாய், வேதம் போதும் அப்பா, நடுவில் ஆள் எதற்கு என்று. அதற்கு நான் 1529-ல் ஜெர்மனியில் மார்பர்க்கில் போட்டிருந்த ஒரு மேசையைத்தான் காட்டுவேன். சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் உட்கார்ந்து பேசினார்கள். 15 விஷயங்களில் 14-ல் ஒத்துப்போயிற்று. கடைசியில் திருவிருந்து. "இது என் உடல்" என்ற வார்த்தையைச் சுண்ணக்கட்டியால் லத்தீனில் மேசைமேல் எழுதி வைத்துக்கொண்டார் லூத்தர். அந்த லத்தீன் வாக்கியத்தில் 'ஆகும்' என்று வரும் 'எஸ்ட்' என்ற சொல்லுக்குக் 'குறிக்கிறது' என்றுதான் அர்த்தம் என்றார் சுவிங்கிலி. இருவரும் வேதத்தை உயிராக நேசித்தவர்கள், இருவருக்கும் கிரேக்கம் தெரியும். பிரிந்துதான் போனார்கள். அப்போது யார் தீர்ப்பது? இதற்கு எனக்கு நல்ல பதில் யாரும் தந்ததில்லை.

நீ உடனே கேட்பாய், கைவைப்பு பெற்றவர்கள் தவறவில்லையா? தவறினார்கள். நெஸ்தோரியு கான்ஸ்டாண்டிநோபிளுக்கே ஆயர், வரிசையில் குறையில்லை. தவறாகப் போதித்தார் என்று அவரை 431-ல் எபேசுவில் நீக்கினார்கள், நீக்கியதும் ஆயர்கள் கூடிய சங்கம்தான். அதனால்தான் அந்தப் புத்தகம் தலைமேல் இருக்கிறது, மகளே. கைகள் அவரை வரிசையில் சேர்க்கின்றன, புத்தகம் அவருக்கு மேலே நிற்கிறது. 4-ஆம் நூற்றாண்டு நூலிலேயே இந்தச் சடங்கு இருக்கிறது. திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேலானது அன்று, அதற்கு ஊழியம் செய்வது என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதியதையும் அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அன்றே சொல்லியிருக்கலாம்.

இப்போது உன் கேள்விக்கு முழுப் பதில். எங்கள் திருச்சபையின் பார்வையில் உங்கள் போதகர் குருத்துவம் என்ற அருளடையாளத்தைப் பெறவில்லை. அதனால்தான் இங்கே வந்தபோது நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து போகையில் நீ பெஞ்சிலேயே இருந்தாய். திரும்பி வரும்போது உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் அவருடைய ஊழியம் வெறுமை என்று திருச்சபை சொல்லவில்லை. பிரிந்த சபைகளையும் மீட்பின் கருவிகளாகப் பயன்படுத்தத் தூய ஆவியார் தயங்கவில்லை என்றுதான் அதே வத்திக்கான் சங்கம் 1964-ல் சொன்னது. நான் "இல்லம்மா" என்றபோது இந்த இரண்டாவது பாதியை விழுங்கிவிட்டேன். மன்னித்துவிடு.

குழந்தையின் ஞானஸ்நானம் பற்றி நீ கேட்கத் தயங்குகிறாய் என்று அம்மா சொன்னாள். 250-களில் பிரிந்துபோனவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் வாதாடினார். மறுபடி கொடுக்காதீர்கள் என்று உறுதியாக நின்றவர் ரோமின் ஆயர் ஸ்தேவான், பேதுருவின் இடத்தில் இருந்தவர். எங்கள் திருச்சபை இன்றும் அவர் பக்கம்தான். தண்ணீரும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரும் இருந்தால் உங்கள் போதகர் கொடுப்பது முழுமையான ஞானஸ்நானம். அதற்கு ஆயரின் கைகூட வேண்டாம்.

தேதியை மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. அம்மாவும் நானும் வருகிறோம். தூண் மறைக்காத இடமாகப் பார்த்து எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை.

அன்புடன்,
அப்பா